ஆட்டிசம் இருக்குற பெரியவங்களுக்கு பெங்களூர்ல தங்குற இடம் தேடுறீங்களா? ஒரு ராத்திரில இருந்து ஆரம்பிங்க

என் தம்பிக்கு 32 வயசு, ஆட்டிசம். பேச்சு ரொம்ப கம்மி, 30, 40 வார்த்தை இருக்கும், ஆனா அல்சூர் மார்க்கெட்ல எந்தக் கடைல எந்த பிஸ்கட் எந்த வரிசைல இருக்குன்னு கைய புடிச்சு கூட்டிட்டுப் போய் காட்டுவான். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன்னு முடிவாச்சு. அப்பாவுக்கு அப்பவே 71, நான் ஹொரமாவுல ரெண்டு பசங்களோட, வேலையோட. 10 நாள் இவன யாரு பாத்துக்குறதுன்னு கேட்டப்பதான் எங்க யார்கிட்டயும் பதில் இல்லன்னு தெரிஞ்சுது. ஒரே வாரத்துல 14 இடத்துக்கு போன் போட்டேன், பாதி இடத்துல எடமே இல்ல, மீதி இடத்துல எங்ககிட்ட இல்லாத பேப்பர கேட்டாங்க, கடைசில நான்தான் லீவ் போட்டுட்டு வந்து உக்காந்தேன்.

இப்ப அவன் ஒரு சின்ன குரூப் ஹோம்ல இருக்கான், ரெண்டு வாரத்துக்கு ஒருதடவ வீட்டுக்கு வருவான். புதுசா தேட ஆரம்பிக்கிறவங்க எந்த வரிசைல பண்ணா அலைச்சல் கம்மியாகும்னுதான் இத எழுதுறேன். நாங்க எல்லாத்தையும் தலைகீழா பண்ணோம்.

மொதல்ல வீட்டுக்குள்ள பேசுங்க

"எங்களுக்கு அப்புறம் இவன யாரு பாத்துப்பா"ன்னு எல்லா வீட்டுலயும் கேப்பாங்க, கேட்டுட்டு டிவிய போட்டுடுவாங்க. எங்க அப்பா ஒரு படி மேல, "நான் உசுரோட இருக்குற வரைக்கும் என் புள்ள எங்கயும் போகமாட்டான்"னு சொல்லிட்டார். நீங்க உசுரோட இருக்கும்போது போனாத்தான்பா நல்லதுன்னு நான் சொன்னத புரிஞ்சிக்க அவருக்கு ஆறு மாசம் ஆச்சு. அவர் இருக்கும்போது போனா போய் பாக்கலாம், சண்டை போடலாம், சரியில்லன்னா கூட்டிட்டு வந்துடலாம். அவர் போனதுக்கப்புறம் அனுப்புனா அதே வாரத்துல அப்பாவும் இல்ல, வீடும் இல்ல, தட்டும் இல்ல, படுக்கையும் இல்லன்னு எல்லாம் ஒண்ணா காணாம போகும், அவன் என்னன்னு புரிஞ்சிப்பான்?

கூடப்பொறந்தவங்க இருந்தா எல்லாரையும் உக்கார வைங்க, மருமக, மாப்பிள்ளையும் சேத்து. பணம் யாரு, மாசாமாசம் போய் பாக்குறது யாரு, கையெழுத்து போடுறது யாருன்னு மூணா பிரிச்சு கேளுங்க. "பாத்துக்கலாம்"னு யாராவது சொன்னா அது பதில் இல்ல. சொந்தக்காரங்க பேசுறத காதுல போட்டுக்காதீங்க, எங்க அத்தை ஒருத்தங்க "புள்ளைய ஹாஸ்டல்ல தள்ளிட்டீங்களா"ன்னு கேட்டாங்க, ஆனா 32 வருஷத்துல ஒரு நாள் கூட அவன பாத்துக்கிட்டதில்ல.

இன்னொண்ணு, சம்பந்தப்பட்ட ஆள் கிட்டயும் கேக்கணும். 2016 ஊனமுற்றோர் உரிமைச் சட்டத்துலயே இவங்களுக்கு எல்லார் மாதிரி ஊருக்குள்ள வாழ உரிமை இருக்கு, இந்த இடத்துலதான் இருக்கணும்னு கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு இருக்கு. பேச்சு வராதவங்கன்னா போட்டோ காட்டுங்க, நேர்ல கூட்டிட்டுப் போங்க, முகத்தப் பாருங்க. சில பேருக்கு வீட்டுலயே ஒரு ஆள் வெச்சு, பகல்ல டே சென்டர் அனுப்புறதே போதும்.

பேப்பர் வேலை

எடம் பாக்குறதுக்கு முன்னாடியே இத ஆரம்பிச்சிடுங்க, ஏன்னா மாசக்கணக்குல இழுக்குறது இதுதான்.

உங்க பழைய டிஸபிலிட்டி சர்ட்டிபிகேட்ட எடுத்துப் பாருங்க. 25, 30 வயசுக்கு மேல இருக்குறவங்க நிறைய பேருக்கு அதுல "எம்.ஆர்."னு (மென்டல் ரிடார்டேஷன், இப்ப அறிவுசார் குறைபாடுன்னு சொல்றது) மட்டும்தான் இருக்கும், ஆட்டிசம்ங்குற வார்த்தையே இருக்காது. டாக்டர் மேல தப்பில்ல, 1995 சட்டத்துல இருந்ததே ஏழு வகைதான், ஆட்டிசம் அதுல கிடையாது, 2016 சட்டத்துல 21 வகை ஆனப்பதான் உள்ள வந்துச்சு. அதனால புதுசா யூடிஐடி கார்டுக்கு (மத்திய அரசோட ஊனமுற்றோர் அடையாள அட்டை) ஆன்லைன்ல அப்ளை பண்ணி, அரசு ஆஸ்பத்திரில திரும்ப அசெஸ்மென்ட் பண்ணிக்கோங்க. பெங்களூர்ல நிறைய பேர் ஓசூர் ரோடு நிம்ஹான்ஸ் போவாங்க, காலைல சீக்கிரம் போங்க, கையில சாப்பாடும் அவனுக்குப் புடிச்ச சாமானும் வெச்சுக்கோங்க. ஐஎஸ்ஏஏன்னு 40 கேள்வி இருக்குற ஒரு மதிப்பீடு உண்டு, அதுல வீட்டுல எப்படி இருப்பான்னு நம்மளக் கேப்பாங்க. அங்கதான் அம்மாக்கள் தப்பு பண்றாங்க, புள்ளைய விட்டுக்குடுக்கக் கூடாதுன்னு "நல்லா பண்ணுவான் சார், தானே சாப்டுவான்"னு சொல்லிடுவாங்க. சாப்பாட்ட பிசைஞ்சு தட்டுல வெச்சு, பக்கத்துல உக்காந்து அரை மணி நேரம் "சாப்டுடா"ன்னு சொன்னா சாப்டுவான், அதுதான் உண்மை, அத அப்படியே சொல்லுங்க.

அடுத்தது கார்டியன்ஷிப். 18 வயசு முடிஞ்சா நம்ம சட்டத்துல அம்மா அப்பாவே ஆனாலும் தானா கார்டியன் கிடையாது, இது நிறைய பேருக்கு பேங்க்ல போய் நிக்கும்போதுதான் தெரியுது. நேஷனல் ட்ரஸ்ட் சட்டம்னு 1999ல வந்தது, ஆட்டிசம், செரிப்ரல் பால்சி, அறிவுசார் குறைபாடு, பல குறைபாடு சேந்தவங்க, இந்த நாலு பேருக்கும். அதுக்கு கீழ ஒவ்வொரு மாவட்டத்துலயும் லோக்கல் லெவல் கமிட்டி இருக்கு, கலெக்டர்தான் தலைவர், கர்நாடகால அவர டிசின்னு சொல்லுவாங்க. பெங்களூர் அர்பன்னா கே.ஜி. ரோடு டிசி ஆபீஸ். கோர்ட், வக்கீல் எதுவும் தேவையில்ல. மூணு மாசத்துக்கு ஒருதடவையாவது கமிட்டி கூடணும்னு சட்டத்துல இருக்கு, அதனால அடுத்த மீட்டிங் எப்பன்னு முன்னாடியே விசாரிச்சு அதுக்குள்ள குடுத்துடுங்க. நேஷனல் ட்ரஸ்ட்ல (அந்தச் சட்டத்துல வந்த மத்திய அரசு அமைப்பு) பதிவு பண்ண ஒரு அமைப்பு மூலமா போனா பாரம் சரியா நிரப்பிக் குடுப்பாங்க.

கார்டியனா யார போடுறதுன்னு யோசிச்சுப் போடுங்க. 75 வயசு அப்பாவையும் 70 வயசு அம்மாவையும் மட்டும் போட்டா நாலு வருஷம் கழிச்சு மறுபடி மொதல்ல இருந்து அலையணும். கார்டியன் ஆனவங்களுக்கு வேலையும் இருக்கு, ஆறு மாசத்துக்குள்ள, யாருக்கு கார்டியனோ அவங்க பேர்ல இருக்குற சொத்து விவரம் குடுக்கணும், வருஷா வருஷம் கணக்கு குடுக்கணும். ஒரு நோட்டு போட்டு எழுதி வைங்க. அப்புறம் ஒரு விஷயம், நல்லா பேசி தானே முடிவெடுக்கக் கூடிய ஆட்டிஸ்டிக் பெரியவங்களுக்கும் பயத்துல முழு கார்டியன்ஷிப் வாங்கிடுறாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. 2016 சட்டத்துல குறிப்பிட்ட விஷயத்துக்கு மட்டும், அவங்களோட கலந்து பேசி முடிவெடுக்குற லிமிடெட் கார்டியன்ஷிப்னு ஒண்ணு இருக்கு, அத விசாரிங்க.

நிரமயா இன்சூரன்ஸ் எடுத்துடுங்க, நேஷனல் ட்ரஸ்ட் குடுக்குறது, வருஷத்துக்கு 1 லட்சம் வரைக்கும், தெரபி, ஓபி செலவு கூட அதுல வரும், சேரும்போது மெடிக்கல் டெஸ்ட் கிடையாது. வருஷா வருஷம் ரினியூ பண்ண மறந்துடாதீங்க, நாங்க ஒரு வருஷம் மறந்தோம், அந்த வருஷம் பாத்துதான் வலிப்பு வந்து அட்மிட் ஆனான்.

பணம்

நாங்க விசாரிச்ச இடங்கள்ல மாசம் 20,000ல இருந்து 60,000 வரைக்கும் சொன்னாங்க, டெபாசிட் தனி, அது சில இடத்துல லட்சக்கணக்குல. டெபாசிட் திரும்ப வருமா, எத்தன மாசத்துல வரும், ஆள் நடுவுல வெளிய வந்தா என்ன ஆகும், வருஷத்துக்கு எவ்ளோ ஏத்துவாங்கன்னு எழுத்துல வாங்குங்க. மாசக் கட்டணத்துக்கு மேல டயப்பர், மாத்திரை, ஆஸ்பத்திரி, கூட ஒரு ஆள் வேணும்னா அதுக்குன்னு தனித்தனியா வரும்.

அப்பாவோ அம்மாவோ மத்திய அரசு வேலைல, ரயில்வேல இருந்து ரிட்டையர் ஆனவங்களா? அப்ப இந்த பாராவ ரெண்டு தடவ படிங்க. சொந்தமா சம்பாதிக்க முடியாத குறைபாடு உள்ள பிள்ளைக்கு பேமிலி பென்ஷன் ஆயுசு முழுக்க வரும். பென்ஷனர் உயிரோட இருக்கும்போதே பிபிஓல (பென்ஷன் உத்தரவு பேப்பர்) அந்தப் பிள்ளை பேர சேத்துடலாம், சேத்துடணும். பெத்தவங்க போனப்புறம் அலையுறது நரகம். பேங்க்ல அந்த பென்ஷன வாங்குறதுக்கும் மேல சொன்ன கமிட்டி குடுக்குற கார்டியன்ஷிப் சர்ட்டிபிகேட்ட ஏத்துப்பாங்க. எங்க அப்பா ரயில்வே, ஒரு பழைய ட்ரங்க் பெட்டில எல்லா பேப்பரும் வரிசையா இருந்துச்சு, அவன் பேர் மட்டும் எதுலயும் இல்ல.

வீடு, நிலம் இருந்தா நேரா அவன் பேருக்கு எழுதுறதா, ஒரு பிரைவேட் ட்ரஸ்ட் வெச்சு அதுக்கு எழுதுறதான்னு ஒரு வக்கீல், ஒரு ஆடிட்டர் ரெண்டு பேர்கிட்டயும் கேளுங்க. எங்களுக்கு ட்ரஸ்ட் சரியா பட்டுச்சு. உயில் இல்லாம இருக்காதீங்க. பேங்க் டெபாசிட்ல நாமினி போட்டுட்டா வேலை முடிஞ்சுதுன்னு அப்பா நெனச்சிட்டு இருந்தார், நாமினி பணத்த வாங்கி வாரிசுக்கு குடுக்குற ஆள்தான், பணம் அவருது ஆகிடாது.

எடம் பாக்கப் போகும்போது

என்னென்ன வகை இருக்குன்னு சுருக்கமா சொல்லிடுறேன். நாலஞ்சு பேர் ஒரு வீட்டுல கேர்டேக்கரோட இருக்குற குரூப் ஹோம் ஒண்ணு, 40, 50 பேர் இருக்குற பெரிய ஹோம் ஒண்ணு, பெத்தவங்களே சேந்து ஊருக்கு வெளிய நிலம் வாங்கி தாங்களும் புள்ளையும் ஒரே வளாகத்துல இருக்குற மாதிரி கட்டுறது ஒண்ணு, சில நாளைக்கு மட்டும் வெச்சுக்குற ரெஸ்பைட் ஒண்ணு. நேஷனல் ட்ரஸ்ட் திட்டத்துல சமர்த், கரௌந்தான்னு கேட்டுப் பாருங்க, தங்குற இடத்துக்கான திட்டம் அதுதான். இந்திராநகர்ல இருக்குற ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி ஆஃப் கர்நாடகா, லிங்கராஜபுரம் பக்கம் ஏபிடி (அசோசியேஷன் ஆஃப் பீப்பிள் வித் டிஸபிலிட்டி) மாதிரி பழைய அமைப்புகள்ல போய் பேசுனா அவங்க கிட்ட எடம் இல்லாட்டியும் யார்கிட்ட கேக்கணும்னு வழி தெரியும்.

ஆட்டிசம் இருக்குறவங்களுக்கு பெரிய ஹால்ல 20 கட்டில் போட்ட இடம் செட் ஆகுறது கஷ்டம், சத்தம் தாங்காது. எங்க ஆளு அல்சூர் பல்லக்கு உற்சவம் அன்னைக்கு ராத்திரி பூரா பாத்ரூம்ல கதவ சாத்திட்டு உக்காந்திருப்பான்.

மொதல்ல பதிவு சர்ட்டிபிகேட் கேளுங்க. 2016 சட்டப்படி மாநில அரசு கிட்ட பதிவு பண்ணாம இந்த மாதிரி ஹோம் நடத்தக் கூடாது. "ப்ராசஸ்ல இருக்கு மேடம்"னு சொன்னா எந்த வருஷத்துல இருந்து ப்ராசஸ்ல இருக்குன்னு கேளுங்க. குடி போதைக்கு வர்றவங்களையும் இவங்களையும் ஒண்ணா வெச்சிருக்குற இடத்துல இருந்து உடனே கிளம்பிடுங்க.

ஆபீஸ் ரூம்ல உக்கார வெச்சு காபி குடுத்து போட்டோ ஆல்பம் காட்டுவாங்க. காபிய குடிச்சிட்டு பாத்ரூம் எங்கன்னு கேட்டு அங்க தங்கியிருக்குறவங்க யூஸ் பண்ற பாத்ரூமுக்கே போங்க. தாழ்ப்பாள் இருக்கா, தரை காஞ்சிருக்கா. டூத்பிரஷ் எப்படி வெச்சிருக்காங்கன்னு பாருங்க, நான் ஒரு இடத்துல ஒரே மக்குல பேர் எழுதாத 18 பிரஷ் பாத்தேன், அதுக்கப்புறம் அங்க எதையும் கேக்கல. துணில பேர் தச்சிருக்கா, இல்ல துவைச்சு குவிச்சு கைக்கு வந்தத மாட்டி விடுறாங்களா. இப்ப தம்பி இருக்குற இடத்துல ஒவ்வொரு சட்டைக் காலருக்குள்ளயும் சின்னதா கலர் நூல்ல ஒரு தையல் போட்டிருக்காங்க, எழுதப் படிக்கத் தெரியாதவங்களும் தன் நிறத்த பாத்து எடுத்துக்கலாம்னு. எனக்கு அந்த நூலப் பாத்ததும் பாதி மனசு வந்துடுச்சு.

ரெண்டாவது தடவ சொல்லாம போங்க, சாயங்காலம் 4 மணில இருந்து 6 மணிக்குள்ள. காலைல எல்லா இடத்துலயும் யோகா, பேப்பர் கவர், மெழுகுவத்தின்னு ஏதாவது நடக்கும், சாயங்காலம்தான் நிஜம் தெரியும், எல்லாரும் டிவி முன்னாடி வரிசையா உக்காந்து ஆடிக்கிட்டே இருக்காங்களா, யாராவது நடக்கக் கூட்டிட்டுப் போறாங்களான்னு. ராத்திரி ஸ்டாப் எத்தன பேர், ரெண்டு வருஷத்துக்கு மேல வேலை பாக்குறவங்க எத்தன பேர்னு கேளுங்க. மாத்திரைய யார் முடிவு பண்றாங்க, டோஸ் ஏத்துறதுக்கு முன்னாடி நம்மள கேப்பாங்களான்னு எழுதி வாங்குங்க. இத அழுத்திச் சொல்றதுக்கு காரணம் இருக்கு, கீழ சொல்றேன்.

பொண்ணா இருந்தா ராத்திரி பெண் ஸ்டாப்தான் இருக்கணும், அதுல பேச்சே இல்ல. சில இடத்துல சேர்க்குறதுக்கு முன்னாடி கர்ப்பப்பைய எடுத்துட்டு வாங்கன்னு சாதாரணமா சொல்லுவாங்க. அவங்க சம்மதம் இல்லாம குழந்தை பெத்துக்க முடியாம பண்ற எந்த சிகிச்சையும் செய்யக் கூடாதுன்னு 2016 சட்டத்துல தெளிவா இருக்கு. அப்படிக் கேக்குற இடத்துக்கு உங்க பொண்ணு போகவே வேணாம்.

அவனப் பத்தி ஒரு நோட்டு

எல்லா வேலைலயும் முக்கியம் இதுதான், காசும் ஆகாது. பெங்களூர்ல நமக்கு கூடுதலா ஒரு சிக்கல் இருக்கு, நம்ம பிள்ளைங்களுக்கு தெரிஞ்ச வார்த்தை தமிழ்ல இருக்கும், ஹோம்ல பாத்துக்குற அண்ணாவுக்கு கன்னடமோ ஹிந்தியோ ஒடியாவோதான் வரும். ஊட்டா (சாப்பாடு), நீரு (தண்ணி), பேடா (வேணாம்)னு கன்னடத்துல நாலு வார்த்தைய நாம வீட்டுலயே முன்கூட்டி பழக்கிடலாம், ஆனா அவங்களுக்கே உரிய வார்த்தைங்க இருக்கே, அத எழுதித்தான் குடுக்கணும்.

என் தம்பி "முடிஞ்சிடுச்சு"ன்னு சொன்னா முடிஞ்சுதுன்னு அர்த்தம் இல்ல. எனக்கு இது புடிக்கல, கிளம்பலாம்னு அர்த்தம். சின்ன வயசுல தெரபி கிளாஸ் முடியும்போது டீச்சர் சொன்னத புடிச்சிக்கிட்டான். இது தெரியாதவங்க அவன் சாப்பாட்டுக்கு நடுவுல சத்தம் பொறுக்காம "முடிஞ்சிடுச்சு"ன்னா தட்ட எடுத்துடுவாங்க, அவன் பசியோட கையக் கடிச்சிப்பான், உடனே "கோவம் ஜாஸ்தி"ன்னு ரிப்போர்ட் எழுதிடுவாங்க.

மொத தடவ நாங்க நோட்டு எதுவும் குடுக்காமதான் ஒரு இடத்துல விட்டோம், பேர் வேணாம். 11வது நாள் போன், தாடைல குத்திக்கிட்டே இருக்கான், டாக்டர் மாத்திரைய ஏத்திட்டார்னு. போய் பாத்தா வாயில எச்சி வழிய தூங்கி வழியுறான். அம்மா வாயத் தொறக்க வெச்சு டார்ச் அடிச்சுப் பாத்தா கடவாப்பல்லு சொத்தையாகி ஈறு வீங்கி இருக்கு. பல்லு வலி, அவ்ளோதான். பேச்சு வராதவங்க திடீர்னு மாறுனா மொதல்ல பல்லு, காது, மலச்சிக்கல், வயிறு, இந்த நாலையும் பாத்துட்டுதான் மத்தது. இப்ப நோட்டுல மொத பக்கத்துலயே இருக்கு, "தாடையத் தட்டினா பல்ல பாருங்க, நெத்தியத் தட்டினா தலைவலி, வயித்த தரைல வெச்சு படுத்தா ரெண்டு நாளா போகல".

வேற என்ன எழுதலாம்னா மாத்திரை பேர், நேரம், டோஸ், வலிப்பு வந்தா எப்படி வரும், எத்தன நிமிஷம், எந்த ஆஸ்பத்திரி. எத சாப்டுவான், எப்படி வெச்சா சாப்டுவான் (எங்க வீட்டுல சாம்பாரும் சாதமும் தொடக் கூடாது, தனித்தனி கிண்ணம்). எதுக்கு பயம், எது கையில இருந்தா அடங்குவான். எத தானே பண்ணுவான்னும் எழுதுங்க, இல்லன்னா எல்லாத்தையும் அவங்களே பண்ணிவிட்டு 30 வருஷம் கத்துக்குடுத்தது மூணு மாசத்துல போயிடும். தமிழ்ல எழுதி ஒரு கன்னட, ஒரு ஹிந்தி காப்பி போட்டு லேமினேட் பண்ணிடுங்க. போன்ல சின்ன சின்ன வீடியோவும் எடுத்துக் குடுங்க, குளிக்க வைக்கிறது எப்படின்னு நாலு பக்கம் எழுதுறதுக்கு ஒரு நிமிஷ வீடியோ போதும்.

ஒரு ராத்திரி

ஒரே நாள்ல பெட்டியோட கொண்டு போய் விடாதீங்க. நாங்க ரெண்டாவது தடவ பண்ணது இப்படி. மொதல்ல ஒரு சாயங்காலம் சும்மா போய் டீ குடிச்சிட்டு வந்தோம், நாலு வாரம் அதே கிழமை. அப்புறம் மதியச் சாப்பாடு. அப்புறம் அப்பா வெளிய நிக்க, அவன் மட்டும் ரெண்டு மணி நேரம். அதுக்கப்புறம்தான் ஒரு ராத்திரி. வீட்டுத் தட்டையும் பெட்ஷீட்டையும் துவைக்காம அப்படியே கொண்டு போனோம், நம்ம வீட்டு வாசனை இருக்கட்டும்னு. காலண்டர்ல அன்னைக்கு ஹோம் போட்டோ, மறுநாள் வீட்டு போட்டோ ஒட்டி வெச்சோம், போனா திரும்பி வருவோம்னு அவனுக்கு கண்ணால தெரியணும். அன்னைக்கு ராத்திரி அவன் ரெண்டு மணி வரைக்கும் முழிச்சிட்டிருந்தானாம், எங்க வீட்டுல அப்பா நாலு மணி வரைக்கும்.

அப்புறம் ரெண்டு ராத்திரி, ஒரு வாரம், ஒரு மாசம்னு ஏத்துனோம், மொத்தம் ஒம்போது மாசம் ஆச்சு. நடுவுல ஒருதடவ ரொம்ப அழுதான், ரெண்டு படி கீழ எறங்கி மறுபடி ஆரம்பிச்சோம். சில ஹோம்ல "மொத மூணு மாசம் வீட்டு ஆளுங்க வரவே கூடாது, அப்பதான் செட் ஆவாங்க"ன்னு ஒரு ரூல் வெச்சிருக்காங்க. எனக்கு அந்த ரூல் இருக்குற இடத்துமேல நம்பிக்கை இல்ல, நாம பாக்காத அந்த மூணு மாசத்துல என்ன நடக்குதுன்னு யாருக்கு தெரியும்.

சேத்ததுக்கப்புறம்

மாசம் ஒருதடவ வெயிட் எழுதி வாங்குங்க, எறங்குனாலும் கேள்வி, திடீர்னு ஏறுனாலும் கேள்வி, சில மாத்திரைல வெயிட் ஏறும். வீட்டுக்கு வரும்போது குளிக்க வைக்கிற சாக்குல உடம்புல காயம், தழும்பு இருக்கான்னு பாத்துடுங்க. வருஷத்துக்கு ஒருதடவ பல் டாக்டர். நோட்ட ஆறு மாசத்துக்கு ஒருக்கா திருத்துங்க. பாத்துக்குற அண்ணா பேர், அவங்க ஊர், அவங்க புள்ளைங்க என்ன படிக்கிறாங்கன்னு தெரிஞ்சு வைங்க, தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ மேனேஜர் கையில மட்டும் குடுத்துட்டு வராதீங்க. மத்த பெத்தவங்க நம்பர் வாங்கி வைங்க, ஆளாளுக்கு வேற வேற நாள்ல போனா வாரம் பூரா ஒரு கண்ணு இருந்துட்டே இருக்கும்.

பாக்கப் போற நேரத்தையும் பாத்து வெச்சுக்கோங்க. எங்க ஆளுக்கு அங்க நாலே முக்காலுக்கு டீயும் ரெண்டு மாரி பிஸ்கட்டும், அதுக்கப்புறம் அண்ணா கூட கேட் வரைக்கும் நடந்து போய் பால் பாக்கெட் வாங்கிட்டு வர்றது அவனோட டியூட்டி. போன ஞாயித்துக்கிழமை நாங்க அஞ்சு மணி தாண்டியும் பேசிட்டே உக்காந்திருந்தோம். அவன் பால் பைய கையில சுத்திக்கிட்டு எங்க முன்னாடி வந்து நின்னு "முடிஞ்சிடுச்சு"ன்னான். அம்மா புரியாம தட்டப் பாத்தாங்க, தட்டு காலி. அப்பாதான் செருப்ப மாட்டிக்கிட்டே, "எந்திரிங்க, நம்மள கிளம்பச் சொல்றான்"னார்.